வாய்க்கால் கரை யாருடைய பாதை?

மேட்டூர் அணையைத் திறக்க வழக்கமாகக் குறிக்கப்படும் தேதி ஜூன் 12. அடுத்த சில நாட்களில் தண்ணீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, புது ஆறு எனப் பிரிந்தவுடன் நம் கைப்பேசிகளிலும் டெல்டா ஓட ஆரம்பித்துவிடுகிறது. நுங்கும் நுரையுமாக மதகில் இறங்கும் தண்ணீர், கரையோரத் தென்னைகள், இரண்டு பக்கமும் நாற்றங்கால் பச்சை. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சனி ஞாயிறுகளில் கிளம்பிவந்து கரையோரமாக ஏழெட்டுக் கிலோமீட்டர் நடந்துவிட்டுத் திரும்புவது இப்போது நம் இளைஞர்களிடையே ஒரு பழக்கமாகி வருகிறது.

நல்ல பழக்கம்தான். நடப்பதற்கு இவ்வளவு எளிதான நிலம் தமிழ்நாட்டில் குறைவு. மலையேற்றத்துக்குப் பயிற்சி வேண்டும், காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். டெல்டாவில் இரண்டும் தேவையில்லை. நிலம் தட்டையாகக் கடலை நோக்கி மெல்லச் சரிகிறது, தண்ணீர் போகும் திசையில் கால் போனால் போதும். 1934இல் மேட்டூர்த் திட்டத்தோடு வெட்டி முடிக்கப்பட்ட கல்லணைக் கால்வாயைத்தான் இன்றும் மக்கள் ‘புது ஆறு’ என்கிறார்கள். அது தஞ்சைப் பெரிய கோயிலை ஒட்டி ஓடி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் இறங்கிப் புதுக்கோட்டை மாவட்டம் வரை போகிறது. அதன் கரையில் எங்கே ஏறினாலும் நடக்கலாம். திருவையாற்றைச் சுற்றிய ஆறுகளின் கரைகளும் அப்படித்தான். வயதானவர்கள் நடக்கலாம், குழந்தைகளை அழைத்துக்கொண்டு நடக்கலாம்.

ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. ‘எளிதான நடை’ என்று நாம் சொல்லும்போது அது யாருக்கு எளிது?

கரைப் பாதையைப் போட்டவர்களும் அதில் அதிகமாக நடந்தவர்களும் உழைக்கும் மக்கள். தூர் எடுத்தது, உடைப்பெடுத்த கரையில் மண் மூட்டை அடுக்கியது, விடியும் முன்னே நடவுக்குக் கூட்டமாக நடந்துபோனது, கதிர்க்கட்டைத் தலையில் வைத்து வழுக்கும் வரப்பில் களத்துமேட்டுக்குக் கொண்டு சேர்த்தது எல்லாம் அவர்கள்தான். கீழத்தஞ்சையின் தலித் பண்ணையாட்களின் கால்கள் அந்த மண்ணின் ஒவ்வொரு அங்குலத்தையும் அறிந்தவை. வேலைக்காக நடக்கும்வரை அவர்களை யாரும் தடுத்ததில்லை. அதே கால்கள் வேலை முடிந்து, செருப்பு அணிந்து, வெள்ளை வேட்டியை இறக்கிக் கட்டிக்கொண்டு ஊர்த்தெருவில் நடந்தபோதுதான் பிரச்சினை வந்தது. சாட்டையடியும் சாணிப்பாலும் ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தின் தண்டனைகளாக இருந்தன. அவற்றை எதிர்த்து 1940களில் பி. சீனிவாசராவ் போன்ற கம்யூனிஸ்ட்டுகள் சங்கம் கட்டியதும், 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததும், 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டதும், குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் விடுதலை செய்ததும் நாம் படமெடுக்கும் இதே பச்சை வயல்களுக்கு நடுவில் நடந்தவை.

டெல்டா கிராமத்தின் அமைப்பைக் கவனித்துப் பாருங்கள். அக்கிரகாரம் ஒரு பக்கம், குடியானத் தெரு ஒரு பக்கம், வயலையோ வாய்க்காலையோ தாண்டிச் சேரி. தண்ணீர் யாரை முதலில் தொட வேண்டும், யாரைக் கடைசியில் தொட வேண்டும் என்பதையும் தெருக்களின் வரிசை சொல்லிவிடும். பாசன வாய்க்கால் ஊர்ப்பக்கம் வருகிறது, வடிகால் சேரிப்பக்கம் போகிறது என்பதைப் பல ஊர்களில் பார்க்கலாம். மழைக்காலத்தில் முதலில் தண்ணீர் புகும் வீடுகள் யாருடையவை என்று கேட்டால் பதில் கிடைத்துவிடும்.

1960களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டத்தின் ஒரு கிராமத்தை ஆய்வு செய்த சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேல், அதற்கு ‘ஸ்ரீபுரம்’ என்று புனைபெயர் சூட்டி 1965இல் நூலாக வெளியிட்டார். சாதியும் வர்க்கமும் அதிகாரமும் அங்கே எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதுதான் அதன் பொருள். அக்கிரகாரத்தில் தங்கிய தன்னைப் பிராமணர்களோடு சேர்த்தே ஊர் பார்த்ததால், மற்றத் தெருக்களில் தனக்குக் கிடைத்த தகவல்கள் அந்த அளவுக்குச் செறிவானவை அல்ல என்று அவரே ஒப்புக்கொண்டார். ஊரை ஆராயவே வந்த ஒருவருக்கு, எந்தத் தெருவில் தங்கினார் என்பது மற்றத் தெருக்களின் கதவுகளை மூடிவிட்டது. அந்தத் தெருக்களில் பிறந்தவர்களுக்கு எத்தனை கதவுகள் மூடியிருந்திருக்கும்!

நடப்பது அரசியலா என்று கேட்பவர்களுக்குச் சாதி எதிர்ப்பு இயக்கத்தின் வரலாறே பதில். 1893இல் அய்யன்காளி திருவிதாங்கூரில் வில்வண்டி ஒன்றை வாங்கி, தன் மக்களுக்குத் தடை செய்யப்பட்டிருந்த பொதுச்சாலையில் ஓட்டிப் போனார். 1924இல் சென்னை மாகாண சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். நகரமோ கிராமமோ, எந்தப் பொதுச்சாலையிலும் தெருவிலும் பாதையிலும் ஒடுக்கப்பட்ட மக்கள் நடக்க யாரும் ஆட்சேபிக்கக் கூடாது, பொதுக்கிணறும் குளமும் அவர்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. அதே ஆண்டுதான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் தொடங்கியது. தலைவர்கள் கைதான பிறகு பெரியார் அங்கே போய்ச் சிறையும் கண்டார். மகாட் நகராட்சி சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட முடிவெடுத்தும் அது காகிதத்திலேயே கிடந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு ஊர்வழியாக நடந்துபோய் அந்தக் குளத்தின் தண்ணீரை அருந்தினார்.

இந்த நான்கிலும் ஒரே பாடம்தான். சட்டம் உரிமையைத் தரலாம். அந்த உரிமை தரையில் இருக்கிறதா என்பது ஒருவர் நடந்து பார்க்கும்போதுதான் தெரியும்.

சட்டத்தில் இன்று குறையில்லை. அரசமைப்பின் 15ஆம் உறுப்பு சாலை, குளம், படித்துறை போன்ற பொது இடங்களில் சாதியின் பேரால் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம் ஆற்றையும் சுடுகாட்டையும் நடைவழியையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(za) பிரிவைப் படித்துப் பாருங்கள். பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைத் தடுப்பது, செருப்போ புத்தாடையோ அணிவதைத் தடுப்பது, பாதையைப் பயன்படுத்த விடாமல் மறிப்பது எல்லாம் அங்கே குற்றங்களாக வரிசைப்படுத்தப்பட்டிருக்கின்றன. செருப்பு என்ற சொல்லை 21ஆம் நூற்றாண்டில் ஒரு நாடாளுமன்றம் சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது என்பதே நிலைமையைச் சொல்லிவிடுகிறது.

உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டுமா இந்தத் தடை? 2016 ஜனவரியில், அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மயிலாடுதுறை அருகே இருக்கும் திருநாள்கொண்டச்சேரியில் நூறு வயதுத் தலித் முதியவர் ஒருவர் இறந்தார். அவர் உடலைப் பொதுத்தெரு வழியே எடுத்துச்செல்ல ஊர் ஆதிக்கச் சாதியினர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். குடும்பம் உயர் நீதிமன்றம் போனது, பொதுப்பாதையில் கொண்டுபோகப் பாதுகாப்பு தருமாறு நீதிமன்றமும் உத்தரவிட்டது. காவல் துறை செய்தது என்ன? உத்தரவை நிறைவேற்றுவதற்குப் பதிலாக, உறவினர்களிடமிருந்து உடலைப் பறித்து மாற்று வழியில் தூக்கிப்போய் அடக்கம் செய்தது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குப் போகும் வழியில் உள்ள நிலத்துக்காரர்கள் மறித்ததால், ஒரு தலித்தின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்க வேண்டியிருந்தது. அந்தக் காணொளி பரவிய பிறகுதான் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது.

நடைப்பயணக்காரர் கண்ணுக்குக் குளிர்ச்சியாகத் தெரியும் வயல்வெளி, பாடை தூக்குபவருக்கு இடுப்பளவு சேறு. சம்பா நட்ட வயலுக்குள், ஐப்பசி அடைமழையில், வரப்பில் நான்கு பேர் சேர்ந்து நடக்க முடியாது. நடந்தால் பயிர் மிதிபடும், நிலத்துக்காரர் சண்டைக்கு வருவார். சேரியிலிருந்து சுடுகாட்டுக்குப் பாதை கேட்கும் மனுக்கள் மாவட்ட ஆட்சியரின் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டங்களுக்கு இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. பள்ளமில்லாத, மேடில்லாத, மூன்று அடி அகல மண்பாதை ஒன்றுதான் அந்த மனுக்களின் கோரிக்கை.

இளைஞர்கள் விஷயத்துக்கு வருவோம். மாலை நேரத்தில் மதகுக் கட்டையில் உட்கார்ந்து காற்று வாங்குவது டெல்டாவில் யாரும் செய்வது. நகரத்திலிருந்து வந்த ஒருவர் அங்கே உட்கார்ந்தால் இளநீர் வேண்டுமா என்று கேட்பார்கள். பக்கத்துச் சேரியிலிருந்து நாலு பையன்கள் வந்து உட்கார்ந்தால் ‘இங்க என்னடா வேலை?’ என்பார்கள். முகம் தெரியாத ஆளாக இருந்தால் முதலில் ‘எந்த ஊர்?’ வரும், அடுத்து ‘எந்தத் தெரு?’ வரும். இரண்டாவது கேள்விக்கு விலாசம் தேவையில்லை, சாதிதான் தேவை என்பது கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். ஓர் ஆணும் பெண்ணும் சேர்ந்து நடந்தால் அந்தக் கேள்வியின் கூர்மை இன்னும் கூடும். 2015இல் திருச்செங்கோட்டில் வேறு சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்ததற்காக ஒரு தலித் பொறியியல் பட்டதாரி கடத்திக் கொல்லப்பட்டதையும், குற்றவாளிகளுக்கு 2022இல்தான் ஆயுள் தண்டனை கிடைத்ததையும் மறந்துவிட முடியாது. பொது இடத்தில் இரண்டு பேர் சேர்ந்து நிற்பதே சாதிக்கு எதிரான செயலாக எடுத்துக்கொள்ளப்படும் நாட்டில், இரண்டு பேர் சேர்ந்து கரையோரம் நடப்பது சாதாரண விஷயமாக இருக்க முடியாது.

வயல்வெளியில் நடக்கும் உரிமை எங்கும் தானாகக் கிடைத்ததில்லை. இன்று வாய்க்கால் கரை நடைக்குப் பெயர்போன இங்கிலாந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கரைப்பாதைகள் சரக்குப் படகை இழுக்கும் குதிரைகளுக்காகப் போடப்பட்டவை. மலைச்சரிவுகளையும் புல்வெளிகளையும் பிரபுக்கள் வேட்டைக்காக வேலிகட்டி வைத்திருந்தார்கள். 1932 ஏப்ரலில் மான்செஸ்டர் பக்கத்து ஆலைத் தொழிலாளர்களும் இளைஞர்களும் சில நூறு பேர் கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டுநிலத்தில் தடையை மீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறை போனார்கள். 1949லும் 2000த்திலும் அங்கே நடப்பவர் உரிமைக்குச் சட்டங்கள் வந்தபோது அந்த நடை நினைவுகூரப்பட்டது. அங்கே வழிமறித்தது நிலவுடைமை. இங்கே நிலவுடைமையோடு தீட்டும் சேர்ந்து மறிக்கிறது. நிலத்துக்குச் சொந்தக்காரர் இல்லாத இடத்திலும், அரசுக்குச் சொந்தமான ஆற்றங்கரையிலும் அது மறிக்கிறது.

இதில்தான் நமக்கு ஒரு பிடி இருக்கிறது. பெரிய ஆறு, கால்வாய்களின் கரைகள் நீர்வளத் துறையின் பொறுப்பில் இருப்பவை. வாய்க்கால் புறம்போக்கு, வண்டிப்பாதைப் புறம்போக்கு, சுடுகாட்டுப் புறம்போக்கு என்று ஒவ்வொன்றுக்கும் கிராமக் கணக்கில் புல எண் உண்டு. அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் வருவாய்த் துறை இணையத்தில் வைத்திருக்கிறது. வரைபடத்தில் சேரிக்குப் பாதை இருக்கும், வயலில் போய்ப் பார்த்தால் அது பக்கத்து நிலத்தோடு சேர்த்து உழப்பட்டிருக்கும். இப்படிக் காணாமல் போன பாதைகளைக் கண்டுபிடிக்க வரைபடமும் இரண்டு கால்களும் போதும்.

எனவே நடக்காதீர்கள் என்று நாம் சொல்லப்போவதில்லை. நடங்கள், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு நடங்கள். ஓய்வும் அழகும் உழைக்கும் சாதியினருக்குத் தேவையில்லை என்பது ஆதிக்கச் சாதிகளின் வாதம், அதை நாமும் சொல்லக் கூடாது. நடவு முடித்த அக்காவுக்கும் அந்தக் கரையில் வேலையில்லாமல் சும்மா உட்காரும் உரிமை வேண்டும்.

முதலில் நடைமுறை. ஆடியிலிருந்து தை வரை நல்ல காலம். குறுவை நட்டிருக்கும்போது போனால் பச்சை, புரட்டாசி வாக்கில் போனால் அறுவடையும் நடவும் பக்கத்துப் பக்கத்து வயலில் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் மழையைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும், கரை வழுக்கும், உடைப்பும் எடுக்கும். காலை 6 மணிக்குத் தொடங்கி 10 மணிக்குள் முடியுங்கள். சிமென்ட் போட்டுச் சரிவாகக் கட்டிய கால்வாயில் இறங்கிக் குளிக்காதீர்கள், தண்ணீரின் வேகம் மேலே தெரியாது, பிடித்து ஏற இடமும் இருக்காது. எந்த ஷட்டர் எப்போது திறக்கும் என்பது அங்கே இருக்கும் லஸ்கருக்குத் தெரியும், அவரைக் கேளுங்கள்.

அடுத்து, எங்கே நிறுத்துவது என்பது. பெரும்பாலான நடைகள் கோயிலிலோ பண்ணைவீட்டிலோ முடிகின்றன. நீங்கள் வாய்க்காலின் கடைசிவரை போங்கள். தலைமதகில் பார்த்த தண்ணீர் கடைமடையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். கரைச்சாலையில் தார் எந்த இடத்தோடு நிற்கிறது, தெருவிளக்கு எந்தக் கம்பத்தோடு முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சேரியின் டீக்கடையில் உட்கார்ந்து டீ குடியுங்கள். சுடுகாட்டுக்கு எந்த வழியாகப் போகிறீர்கள் என்று அங்கிருக்கும் பெரியவரிடம் கேளுங்கள், அவர் சொல்லும் வழியில் ஒருமுறை நடந்து பாருங்கள். நடவு வயலில் குனிந்திருக்கும் பெண்களைக் கேட்காமல் படமெடுக்காதீர்கள். இன்று என்ன கூலி, இயந்திர நடவு வந்தபிறகு எத்தனை நாள் வேலை கிடைக்கிறது என்று அவர்களிடம் பேசிப் பாருங்கள்.

யாராவது உங்களிடம் ‘எந்தத் தெரு?’ என்று கேட்டால் பதில் சொல்லாதீர்கள். ஆதிக்கச் சாதியில் பிறந்த தோழர்களுக்கு இது கூடுதலாகச் சொல்ல வேண்டியது. உங்கள் சாதிப் பெயர் அந்த இடத்தில் கதவைத் திறக்கும். அதைச் சொல்லித் திறந்துகொண்டு போனால், அதே கதவு உங்களோடு வந்த நண்பருக்கு மூடும்.

நடைக்குழுக்கள் நடத்துபவர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் வழித்தடங்களில் கல்லணை இருக்கிறது, பெரிய கோயில் இருக்கிறது, திருவையாறு இருக்கிறது. கீழ்வெண்மணியையும் சேருங்கள். ஒவ்வொரு டிசம்பர் 25 அன்றும் அங்கே நினைவுச்சின்னத்துக்குச் செங்கொடிகளோடும் நீலக்கொடிகளோடும் மக்கள் வருகிறார்கள். பேருந்தில் போய் இறங்காமல் பக்கத்து ஊரிலிருந்து வயல் வழியே நடந்து போங்கள். அரைப்படி நெல் கூலி கூடுதலாகக் கேட்டவர்கள் எந்த வயலில் வேலை செய்தார்கள், எந்தப் பாதையில் வீடு திரும்பினார்கள் என்பது அப்படி நடந்தால்தான் புரியும்.

அரசிடம் நாம் கேட்பது மூன்று. டெல்டா மாவட்டங்களின் ஒவ்வொரு சேரிக்கும் சுடுகாட்டுக்குப் பட்டியலில் உள்ள பாதை தரையிலும் இருக்கிறதா என்று அளந்து, அளவையின் முடிவைக் கிராமசபையில் வைக்க வேண்டும். பாதையே ஒதுக்கப்படாத இடங்களில் நிலம் கையகப்படுத்திப் பாதை போட வேண்டும். கால்வாய்க் கரைகளுக்குச் சிமென்ட் போட நிதி ஒதுக்கும்போதே, கடைமடை வரை கரைச்சாலையும் விளக்கும் போட நிதி ஒதுக்க வேண்டும்.

இவை நிறைவேறக் காத்திருக்க வேண்டியதில்லை. வரும் சனிக்கிழமை உங்கள் குழு எங்கே போகிறது? அந்த ஊரின் புல வரைபடத்தை இன்றிரவே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். வண்டிப்பாதை என்று கோடு போட்டிருக்கும் இடத்தில் நடந்து பாருங்கள். பாதை இருந்தால் மகிழ்ச்சி. இல்லையென்றால், எந்தப் புல எண்ணில் அது மறைந்தது என்று அந்த ஊர் மக்களோடு உட்கார்ந்து மனு எழுதிவிட்டுத் திரும்புங்கள்.